சிறு கட்டடங்களுக்கு விரைவு அனுமதி

ஒரு சாதாரணக் குடும்பம் தன் வாழ்நாளில் செய்யும் மிகப் பெரிய முதலீடு, பெரும்பாலும் அது கட்டிக்கொள்ளும் வீடே ஆகும். மனை வாங்குவதற்காக ஆண்டுக்கணக்கில் சேர்த்த பணமும், கட்டுமானத்திற்காக வங்கியில் பெறும் கடனும் அதில் அடங்கியுள்ளன. இவ்வளவு பொருளையும் திரட்டிய பின்னரும், உள்ளாட்சி அமைப்பு வரைபடத்திற்கு ஒப்புதல் அளிக்கும்வரை கடைக்காலுக்கு மண் தோண்ட முடியாது. ஒப்புதல் பெற்ற வரைபடம் இன்றி வங்கியும் கடன் தொகையை விடுவிப்பதில்லை. ஒப்புதல் தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் வாடகை கூடுகிறது. சிமெண்டு, கம்பி ஆகியவற்றின் விலையும் கூலியும் உயர்கின்றன. காத்திருக்க இயலாதவர் அனுமதியின்றியே கட்டத் தொடங்குகிறார். அன்று முதல் அவருடைய வீடு சட்டத்தின் பார்வையில் குற்றமுடையதாகிறது.

இந்நிலையை மாற்றும் நோக்குடன், சிறிய கட்டடங்களுக்கு விரைவாக அனுமதி வழங்கும் முறைகளை இந்தியாவின் பல மாநிலங்கள் அண்மை ஆண்டுகளில் நடைமுறைக்குக் கொண்டுவந்துள்ளன. இம்முறைகள் எவ்வாறு இயங்குகின்றன, அவற்றால் யாருக்கு நன்மை, யார் மீது புதிய பொறுப்பு விழுகிறது என்பவை நகர நிர்வாகத்தில் ஈடுபட்டோரும் அதனைப் பயில்வோரும் அறிந்திருக்க வேண்டியவை.

அனுமதி எதற்காக?

கட்டட விதிகள் வீட்டு உரிமையாளரைத் தொல்லைப்படுத்துவதற்காக எழுந்தவை அல்ல. ஒருவர் தம் மனையில் எழுப்பும் சுவர், அடுத்த வீட்டாரின் காற்றையும் வெளிச்சத்தையும் பாதிக்கும். தெருவில் நீட்டிக் கட்டிய படிக்கட்டு, தீயணைப்பு வண்டியின் வழியை அடைக்கும். நீர் வழியில் எழும் கட்டடம், மழைக்காலத்தில் ஊரையே வெள்ளத்தில் ஆழ்த்தும். ஆதலின் மனையின் நான்கு புறமும் விடவேண்டிய திறந்த இடம், கட்டடத்தின் உயரம், மனைப் பரப்புக்கும் மொத்தத் தளப் பரப்புக்கும் உள்ள விகிதமாகிய தளப்பரப்புக் குறியீடு, எதிரே இருக்கவேண்டிய சாலையின் அகலம், மழைநீர் சேகரிப்பு முதலியவற்றை விதிகள் வரையறுக்கின்றன.

இவற்றோடு, கட்டடத்தின் உறுதியும் முக்கியமானது. 2001-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள் குஜராத்தில் நிகழ்ந்த நிலநடுக்கத்தில், மையப் பகுதியிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள அகமதாபாத்திலும் பல கட்டடங்கள் வீழ்ந்தன. கீழ்த்தளத்தில் சுவரின்றித் தூண்களை மட்டும் நிறுத்தி, வாகனம் நிறுத்துவதற்கு இடம் விட்டுக் கட்டப்பட்ட அடுக்கு வீடுகள் அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. வரைபடத்தில் அறைகளின் அளவு சரியாக இருந்தால் மட்டும் போதாது. தூண்களுக்குள் இருக்கும் கம்பியும் கான்கிரீட்டும் சரியாக இருத்தல் வேண்டும் என்ற பாடத்தை அந்நிகழ்ச்சி நாட்டிற்கு அளித்தது.

சட்டப் பின்னணி

இந்திய அரசியலமைப்பின்படி நிலமும் உள்ளாட்சியும் மாநிலங்களின் அதிகார வரம்பிற்குட்பட்டவை. நகரமைப்புக்கெனத் தனிச் சட்டம் முதன்முதலில் பம்பாய் மாகாணத்தில் 1915-ஆம் ஆண்டிலும், அதன் பின்னர்ச் சென்னை மாகாணத்தில் 1920-ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்டது. 1992-ஆம் ஆண்டின் 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஜூன் முதல் நாளன்று நடைமுறைக்கு வந்தது. அதன்படி சேர்க்கப்பட்ட பன்னிரண்டாவது அட்டவணையில் நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பணிகள் குறிக்கப்பட்டுள்ளன. நகரத் திட்டமிடல், நில உபயோகத்தையும் கட்டடங்கள் கட்டுவதையும் ஒழுங்குபடுத்துதல் என்பவை அவற்றுள் முதல் இரண்டாகும்.

மைய அரசு இத்துறையில் வழிகாட்டும் பணியைச் செய்கிறது. 1970-இல் முதன்முதலாக வெளியிடப்பட்ட தேசியக் கட்டட விதித் தொகுப்பு 1983, 2005, 2016 ஆகிய ஆண்டுகளில் திருத்தி வெளியிடப்பட்டது. மைய அரசின் நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் 2016-இல் வெளியிட்ட மாதிரிக் கட்டடத் துணைவிதிகளில், கட்டடங்களை அவற்றால் நேரக்கூடிய இடரின் அளவிற்கேற்ப வகைப்படுத்தும் கொள்கை இடம்பெற்றது. எல்லாக் கட்டடங்களையும் ஒரே சல்லடையில் சலிக்க வேண்டுவதில்லை என்பதே இதன் சாரம். 1,200 சதுர அடி மனையில் எழும் ஒரு மாடி வீட்டிற்கும் ஆயிரக்கணக்கானோர் கூடும் வணிக வளாகத்திற்கும் ஒரே எண்ணிக்கையில் சான்றுகளும் ஒரே வரிசையில் ஆய்வுகளும் தேவையில்லை.

ஏழை மக்களுக்கான வீட்டுவசதியும் இம்மாற்றத்திற்கு ஒரு தூண்டுகோலாயிற்று. 2015-ஆம் ஆண்டு ஜூன் 25-ஆம் நாள் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி நகர்ப்புற வீட்டுவசதித் திட்டத்தில் சேரும் மாநிலங்களுக்குச் சில நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. கட்டட அனுமதிகளைக் காலவரையறைக்குள் வழங்கும் ஒற்றைச் சாளர முறையை ஏற்படுத்துதல் அவற்றுள் ஒன்று. குறைந்த வருவாய்ப் பிரிவினரின் வீடுகளுக்கு முன்னரே ஒப்புதல் பெற்ற வரைபடங்களின் அடிப்படையில் அனுமதி கிடைத்ததாகக் கொள்ளுதல் அல்லது குறிப்பிட்ட பரப்பிற்குக் குறைந்த வீடுகளுக்கு அனுமதியிலிருந்து விலக்களித்தல் மற்றொன்று.

தாமதம் எங்கே நேர்கிறது?

விண்ணப்பம் ஒன்று கடந்துசெல்லும் கட்டங்களைக் கவனித்தால் தாமதத்தின் காரணம் புலப்படும். முதலில் மனையின் உரிமை ஆவணங்கள் சரிபார்க்கப்படுகின்றன. அடுத்து அம்மனை அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவில் உள்ளதா, அப்பகுதியின் நில உபயோகம் எது என்பவை நோக்கப்படுகின்றன. பின்னர் அலுவலர் மனையைப் பார்வையிடுகிறார். வரைபடத்தின் அளவுகள் விதிகளோடு ஒப்பிடப்படுகின்றன. தேவையாயின் பிற துறைகளின் தடையின்மைச் சான்றுகள் கோரப்படுகின்றன. இறுதியில் கட்டணம் கணக்கிடப்பட்டு, செலுத்தப்பட்ட பின் ஆணை பிறக்கிறது.

இவற்றுள் உண்மையான ஆய்வுக்குத் தேவைப்படும் நேரம் சில மணிகளே. கோப்பு ஒரு மேசையிலிருந்து மறு மேசைக்குச் செல்வதற்காகக் காத்திருக்கும் நாள்களே மிகுதி. ஒவ்வொரு முறையும் ஒரு குறையைச் சுட்டித் திருப்பியனுப்பும் வழக்கமும் உண்டு. எல்லாக் குறைகளையும் ஒரே முறையில் தெரிவித்தால் இக்கால விரயம் நேராது. காத்திருப்பு எங்கே மிகுதியோ அங்கே இடைத்தரகர்களும் தோன்றுவர் என்பது நிர்வாக அனுபவம் காட்டும் உண்மை.

விரைவுபடுத்தும் மூன்று வழிகள்

முதல் வழி, அனுமதி அளிக்கப்பட்டதாகக் கொள்ளுதல். குறித்த காலத்திற்குள் அலுவலகம் மறுமொழி கூறாவிடில் விண்ணப்பதாரர் பணியைத் தொடங்கலாம். இது புதிய கருத்தன்று. 1888-ஆம் ஆண்டின் மும்பை மாநகராட்சிச் சட்டத்திலேயே, ஆணையர் 30 நாள்களுக்குள் மறுப்புத் தெரிவிக்காவிடில் கட்டுமானத்தைத் தொடங்குவதற்கு வகை செய்யப்பட்டது. எனினும் நடைமுறையில் இவ்வழி அதிகம் பயன்படவில்லை. அலுவலகத்தின் மௌனம், விதிகளை மீறிக் கட்டுவதற்கு உரிமை அளிப்பதில்லை. விதிமீறல் இருப்பின் பின்னர் நடவடிக்கை எடுக்கலாம். கையில் எழுத்து மூலமான ஆணை இல்லாதவருக்குக் கடன் வழங்க வங்கியும் தயங்குகிறது.

இரண்டாவது வழி, ஒற்றைச் சாளர முறை. விண்ணப்பதாரர் ஒரே இடத்தில் விண்ணப்பிக்கிறார். பிற துறைகளின் கருத்தை அலுவலகமே பெற்றுக்கொள்கிறது. கணினி வழி வரைபடம் அளிக்கப்படும்போது, திறந்த இடம், உயரம், தளப் பரப்பு ஆகியவற்றைக் கணினியே சரிபார்க்கும் வசதியும் இப்போது உள்ளது.

மூன்றாவது வழி, சுயசான்று முறை. வரைபடம் விதிகளுக்கு உட்பட்டது என உரிமையாளரும், பதிவுபெற்ற பொறியாளர் அல்லது கட்டடக்கலைஞரும் உறுதிமொழி அளிக்கின்றனர். கட்டணம் செலுத்தியவுடன் அனுமதி கிடைக்கிறது. ஆய்வு அதற்குப் பின் நடைபெறுகிறது. இன்றைய விரைவு அனுமதித் திட்டங்களின் உயிர்நிலை இம்முறையே.

மாநிலங்களின் நடைமுறை

டில்லியில் 2016-இல் ஒருங்கிணைந்த கட்டடத் துணைவிதிகள் அறிவிக்கப்பட்டன. 105 சதுர மீட்டர் வரையிலான குடியிருப்பு மனைகளுக்கு, உரிய ஆவணங்களையும் உறுதிமொழியையும் கட்டணத்தையும் செலுத்திப் பணி தொடங்கும் எளிய முறை அவற்றில் இடம்பெற்றது. ஏனைய கட்டடங்களுக்கான கால வரம்பு 60 நாள்களிலிருந்து 30 நாள்களாகக் குறைக்கப்பட்டது.

தெலங்கானா இம்முறைக்கெனத் தனிச் சட்டமே இயற்றியது. 2020-ஆம் ஆண்டின் இச்சட்டம் கட்டடங்களை மூன்று படிகளாகப் பிரித்தது. 75 சதுர கஜம் வரையிலான மனையில், 7 மீட்டர் உயரத்திற்கு மேற்படாத வீட்டிற்கு அனுமதியே தேவையில்லை. ஒரு ரூபாய் கட்டணத்தில் பதிவு செய்துகொண்டால் போதும் எனப்பட்டது. 500 சதுர மீட்டர் வரையிலான மனையில், 10 மீட்டர் உயரம் வரையிலான குடியிருப்புகளுக்குச் சுயசான்றின் பேரில் உடனடி அனுமதி வழங்க வகை செய்யப்பட்டது. அதற்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு ஒற்றைச் சாளர முறையில் 21 நாள்கள் என வரையறுக்கப்பட்டது. பொய்யான உறுதிமொழி அளித்துக் கட்டப்பட்டவற்றை முன்னறிவிப்பின்றி இடிக்கவும் அச்சட்டம் அதிகாரமளித்தது.

கேரளத்தில் 300 சதுர மீட்டர் வரையிலான, இடர் குறைந்த வீடுகளுக்குச் சுயசான்றின் அடிப்படையில் அனுமதி அளிக்கப்படுகிறது. 2024 ஜனவரி முதல் நாளன்று அங்கு உள்ளாட்சிச் சேவைகளுக்கான பொதுக் கணினி அமைப்பு நகர்ப்புறங்களில் தொடங்கப்பட்டு, கட்டட அனுமதிகளும் அதன் வழியே வழங்கப்பட்டன.

தமிழ்நாட்டில் 2024 ஜூலை 22-ஆம் நாள் தொடங்கப்பட்ட திட்டம், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்கு மேற்படாத, தரைத்தளமோ தரைத்தளமும் முதல் தளமுமோ கொண்ட வீடுகளுக்கு உரியது. விண்ணப்பத்தைக் கணினி வழி பதிவு செய்து கட்டணம் செலுத்தியதும் அனுமதி கிடைக்கிறது. அனுமதிக்கு முந்தைய மனைப் பார்வையிடலிலிருந்தும், கட்டி முடித்த பின் பெறவேண்டிய பணி நிறைவுச் சான்றிலிருந்தும் இவ்வீடுகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது.

அளவுகள் மாநிலத்திற்கு மாநிலம் வேறுபடினும், கொள்கை ஒன்றே. எளியவற்றை நம்பிக்கையின் பேரில் விடுத்து, அலுவலர்களின் நேரத்தைப் பெரிய, சிக்கலான கட்டடங்களுக்குப் பயன்படுத்துவது அதன் நோக்கம்.

தரவரிசையும் உண்மை நிலையும்

விரைவு அனுமதியின் வெற்றிக்குச் சான்றாக உலக வங்கியின் தரவரிசை ஒரு காலத்தில் பெரிதும் எடுத்துக்காட்டப்பட்டது. கட்டுமான அனுமதி பெறுவதில் இந்தியா 2018-ஆம் ஆண்டு அறிக்கையில் 181-ஆவது இடத்திலும், 2019 அறிக்கையில் 52-ஆவது இடத்திலும், 2020 அறிக்கையில் 27-ஆவது இடத்திலும் இருந்தது. முன்னேற்றம் பெரிதே. ஆயினும் அம்மதிப்பீடு மும்பை, டில்லி ஆகிய இரு நகரங்களில் ஒரு கிடங்குக் கட்டடம் எழுப்புவதை மாதிரியாகக் கொண்டது. சிறு நகரத்தில் வீடு கட்டுபவரின் அனுபவத்தை அது அளக்கவில்லை. அந்த அறிக்கையையும் 2021-இல் உலக வங்கி நிறுத்திவிட்டது. எனவே வேகத்தை அளப்பதற்கு ஒவ்வொரு நகராட்சியும் தன் சொந்தப் பதிவேட்டையே நாடவேண்டும்.

இடம்பெயர்ந்த பொறுப்பு

சுயசான்று முறையில் ஆய்வு மறைந்துவிடுவதில்லை, அது இடம்பெயர்கிறது. முன்னர் அனுமதிக்கு முன் அலுவலகத்தில் நடைபெற்ற ஆய்வு, இப்போது அனுமதிக்குப் பின் கட்டுமான இடத்தில் நடைபெற வேண்டும். முன்னர் தவறு கண்டால் காகிதத்தில் திருத்த முடிந்தது. இப்போது தவறு காணப்படும்போது சுவர் எழுந்திருக்கும். ஒரு வரைபடத்தை மாற்றுவதற்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய். எழுப்பிய தூணை மாற்றுவதற்கு ஆகும் செலவு குடும்பத்தின் சேமிப்பு முழுவதும்.

எடுத்துக்காட்டாக, முன்புறம் 5 அடி விடவேண்டிய இடத்தில் 3 அடி மட்டும் விட்டு ஒருவர் வீட்டைத் தொடங்குகிறார் எனக் கொள்வோம். கடைக்கால் நிலையிலேயே அலுவலர் வந்து பார்த்தால், ஒரு வரிசைக் கல்லை நகர்த்தினால் போதும். கூரை போட்ட பின் வந்தால் இடிப்பு, அபராதம், வழக்கு என்னும் மூன்றில் ஒன்று நேரும். ஆகவே பின்னாய்வு எப்போது நடைபெறுகிறது என்பதே இம்முறையின் நேர்மையைத் தீர்மானிக்கிறது.

உரிமையாளர் கையெழுத்திடும் உறுதிமொழியின் பொருளை அவர் அறிந்திருக்கிறாரா என்பது அடுத்த வினா. வரைபடம் தயாரித்தவர் காட்டிய இடத்தில் கையெழுத்திடும் வழக்கமே பரவலாக உள்ளது. விதிமீறல் வெளிப்படும்போது தண்டனை முதலில் விழுவது வீட்டின் மீது. சான்றளித்த பொறியாளர் மீதான நடவடிக்கை மெதுவாகவே வருகிறது. பொறியாளரின் பதிவை நிறுத்தி வைத்தல், நீக்குதல் ஆகிய அதிகாரங்கள் ஏட்டளவில் நின்றுவிட்டால், சுயசான்று வெறும் சடங்காகிவிடும்.

இடிப்பு அதிகாரத்திற்கும் இப்போது எல்லை வகுக்கப்பட்டுள்ளது. 2024 நவம்பர் 13-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, பொதுச் சாலை, நீர்நிலை போன்ற இடங்களிலுள்ள ஆக்கிரமிப்புகள் நீங்கலாக, 15 நாள் முன்னறிவிப்பும் விளக்கமளிக்கும் வாய்ப்பும் தராமல் எக்கட்டடத்தையும் இடித்தல் கூடாது. ஆதலின், தவறினால் உடனே இடித்துவிடலாம் என்ற நம்பிக்கையில் முன்னாய்வைக் கைவிடும் நிர்வாகம், அந்த நம்பிக்கையை மறுபரிசீலனை செய்தாக வேண்டும்.

சிறியது என்பதால் இடரற்றதா?

2010 நவம்பர் 15-ஆம் நாள் கிழக்கு டில்லியின் லட்சுமி நகரில் பல மாடிக் குடியிருப்பு ஒன்று இடிந்து ஏறத்தாழ 70 பேர் உயிரிழந்தனர். அது பெரிய வளாகமன்று. நெருக்கமான குடியிருப்புப் பகுதியில், வாடகை அறைகளில் தொழிலாளர் குடும்பங்கள் நிறைந்திருந்த கட்டடம். அனுமதியின்றிக் கூட்டப்பட்ட மாடியும் அடித்தளத்தில் தேங்கிய நீரும் காரணங்களாகப் பேசப்பட்டன. தொடக்க அனுமதி எவ்வளவு கடுமையாக இருப்பினும், பின்னர் ஏறும் மாடிகளைக் கவனிப்பார் இல்லையெனில் பயனில்லை என்பதை இத்துயரம் உணர்த்துகிறது.

சிறு கட்டடங்களில் வீடு வாங்குவோரின் பாதுகாப்பும் எண்ணத்தக்கது. 2016-ஆம் ஆண்டின் நில, கட்டட ஒழுங்குமுறைச் சட்டம், 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்தில் அல்லது எட்டுக்கு மேற்படாத வீடுகளுடன் அமையும் திட்டங்களுக்குப் பதிவிலிருந்து விலக்களிக்கிறது. விரைவு அனுமதியின் வரம்பும் சில மாநிலங்களில் ஏறத்தாழ இதே அளவினது. எனவே சிறு மனையில் நான்கு அடுக்ககங்கள் கட்டி விற்கப்படும்போது, அதனை வாங்குபவருக்கு முன்னாய்வின் காவலும் இல்லை. ஒழுங்குமுறை ஆணையப் பதிவின் காவலும் இல்லை. தாமே குடியிருக்கக் கட்டுபவருக்கும் விற்பனைக்காகக் கட்டுபவருக்கும் ஒரே சலுகை பொருந்துமா என்பதை மாநிலங்கள் ஆராய்தல் நலம்.

பணி நிறைவுச் சான்று பற்றியும் தெளிவு தேவை. 2024 டிசம்பர் 17-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு, வங்கிக் கடன் ஆகியவற்றைப் பணி நிறைவுச் சான்றோடு இணைத்து வழிகாட்டுதல்களை வழங்கியது. சிறு வீடுகளுக்கு அச்சான்றிலிருந்து விலக்களிக்கும் விதிகளும் இவ்வழிகாட்டுதல்களும் எவ்வாறு இயைகின்றன என்பதைப் பொதுமக்களுக்கு எளிய மொழியில் விளக்குவது உள்ளாட்சிகளின் கடமை.

விரைவு அனுமதி எட்டாத இடங்கள்

மனை சிறியதாயினும் அமைந்துள்ள இடம் காரணமாகச் சிலவற்றுக்குச் சுயசான்று மட்டும் போதாது. பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குமுறைக்குட்பட்ட பகுதி. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம், விமான நிலையத்தின் சுற்றுப்புறம், இருப்புப்பாதை ஓரம், நீர்நிலைகளின் கரை ஆகியவற்றுக்கும் தனி விதிகள் உள்ளன. இத்தகைய பகுதிகளைப் புல எண் வாரியாக வரைபடத்தில் குறித்துக் கணினி அமைப்பிலேயே சேர்த்துவிட்டால், தகுதியற்ற விண்ணப்பம் வாயிலிலேயே தடுக்கப்படும். உரிமையாளரின் அறியாமையால் விளையும் இழப்பும் தவிர்க்கப்படும்.

செய்யவேண்டுவன

விரைவு அனுமதித் திட்டம் பயன்தர வேண்டுமாயின் சில ஏற்பாடுகள் இன்றியமையாதவை. கடைக்கால் நிலையிலும், ஒவ்வொரு தளத்தின் கூரைக் கம்பி கட்டும் நிலையிலும் உரிமையாளர் தகவல் தெரிவிக்கவும், குறித்த நாள்களுக்குள் அலுவலர் பார்வையிடவும் விதி வேண்டும். எல்லாவற்றையும் பார்க்க ஆள் போதாத இடங்களில், எவரும் முன்கூட்டி அறியாதவாறு குலுக்கல் முறையில் சிலவற்றைத் தேர்ந்து முழுமையாக ஆய்வு செய்யலாம். சான்றளிக்கும் பொறியாளர்களின் பெயர்ப் பட்டியலும், அவர்கள் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கைகளும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். மாதிரி வரைபடங்களை உள்ளாட்சிகளே இலவசமாக வழங்கினால், பொறியாளரை அமர்த்த வசதியற்றவரும் உறுதியான வீட்டைக் கட்டிக்கொள்ள இயலும். ஊராட்சிகளில் தொழில்நுட்பப் பணியாளர் குறைவு. பல ஊராட்சிகளுக்குப் பொதுவாக ஒரு பொறியாளரை அமர்த்துவது அக்குறையை ஓரளவு போக்கும்.

அனுமதி ஒரு நாளில் கிடைக்கலாம். வீடு ஐம்பது ஆண்டுகள் நிற்க வேண்டும். அலுவலக மேசையில் மிச்சமாகும் நாள்கள் கட்டுமான இடத்தில் அலுவலரின் வருகையாக மாறுமானால், இத்திட்டம் சிறு குடும்பங்களுக்குப் பெரும் துணையாக அமையும். அவ்வாறு மாறாவிடில், முன்பு அலுவலகம் சுமந்த இடரைக் குடும்பமே தனித்துச் சுமக்க நேரிடும்.